வெட்டு, தடு, சொல்லு

பிராக் நகரத்துக்கு அவளை அனுப்பியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஷார்லீன் போன ஜூன் மாதம் வேலை விஷயமாக வியன்னாவுக்குப் போனாள். மூன்று நாள் கூட்டம், முடிந்ததும் விமானம் என்றுதான் ஏற்பாடு. நான்தான் விடவில்லை. "அவ்வளவு தூரம் போற. அங்கேருந்து ரயில்ல நாலு மணி நேரம். குழந்தை இயேசுவைப் பார்க்காம வந்துடாத" என்றேன். சிங்கப்பூரில், எங்கள் தெம்பனிஸ் வீட்டு வரவேற்பறையில், சிவப்பு அங்கியும் தலையைவிடப் பெரிய கிரீடமுமாக அவர் சிலையாய் நிற்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் அவரிடம்தான் ஒன்பது நாள் ஜெபம், நவநாள், செய்தேன். அதற்குப் பிறகு பிறந்தவள் ஷார்லீன். அவருடைய அசல் சுரூபம் பிராக்கில் ஒரு கோவிலில் இருக்கிறது. என் முழங்கால் அவ்வளவு தூரம் தாங்காது, மகளுடைய காலாவது போகட்டும் என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு நாள்தான், தனியா சுத்திப் பார்த்துட்டு வந்துடுவேன். பயப்படாதீங்க லா மம்மி" என்றாள், எங்கள் ஊர் 'லா'வையும் சேர்த்து.

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. லொக்கேஷன் ஷேர் பண்ணு" என்றேன். "வழி தப்பிப் போச்சுன்னா எங்கேயும் அலையாத. கோவில்ல போய் உட்காரு."

"எனக்கு இருபத்தாறு வயசு!"

ஏழு வயதிலிருந்து அவளுக்கு நான் சொல்லும் வசனம் அது. அந்த வயதில் சிராங்கூன் ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் கத்திக்கொண்டு திரிந்தேன். கடைசியில் லூர்து மாதா கோவிலில் முன்பெஞ்சில், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குத் தானாக நடந்துபோயிருக்கிறாள். அதற்குப் பிறகு என் தொலைபேசி எண்ணைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தேன். இன்றைக்கும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஓர் எண்தான். அவளுடைய சொந்த எண்ணையே பார்த்துத்தான் சொல்லுவாள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேர் பிரிஜட். முப்பத்தோரு வருஷம் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு வாய் சும்மா இருக்குமா? மாதம் ஒருமுறை சமூக மன்றத்தில், வயதானவர்களுக்குத் தொலைபேசி மோசடி பற்றி வகுப்பு எடுக்கிறேன். போலீஸ் என்று மிரட்டுகிறவன், வங்கி என்று குழைகிறவன், இப்போது புதிதாக, நம் பிள்ளையின் குரலையே கம்ப்யூட்டரில் செய்து அழவைக்கிறவன் என்று எல்லாரையும் பற்றிச் சொல்லுவேன். பாடத்தை மூன்றே சொல்லில் அடக்கியிருந்தேன்: வெட்டு, தடு, சொல்லு. அழைப்பை வெட்டு, அந்த எண்ணைத் தடு, நாலு பேரிடம் சொல்லு. நானே யோசித்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே என் பேரைப் போடவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

"உங்க பிள்ளை குரல்லேயே அழும். மனசு இளகினீங்க, முடிஞ்சுது" என்று போன மாதம் மேசையைத் தட்டிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை. எங்களுக்கு மதியம் மூன்று மணி என்றால் பிராக்கில் காலை ஒன்பது. என் கணவர் அந்தோனி சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, மாலை ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். உள்ளே போனால் போன் லாக்கரில் கிடக்கும். நான் வழக்கம்போலத் தேக்கா சந்தையில் கறி வாங்கிக்கொண்டு, அப்படியே லூர்து மாதா கோவிலுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். ரயிலில் உட்கார்ந்ததும் வரைபடத்தைத் திறந்தேன். ஷார்லீனுடைய முகம் போட்ட சின்ன வட்டம் பிராக்கின் பழைய சதுக்கத்தில் நின்றது.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு பெரிய கடிகாரம்; அதன் முன்னால் வாயைப் பிளந்து நிற்கும் கூட்டம். கல் பாவிய தெரு. பிறகு வட்டம் நகர்ந்து, நகர்ந்து, ஆற்றுக்குள் போய் நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் அது பாலம். "பாலம் முழுக்கச் சிலைங்க மம்மி. எல்லாரும் உங்கள மாதிரியே கைய நீட்டித் திட்டுறாங்க" என்று எழுதியிருந்தாள். நான் சிரித்ததைப் பார்த்து எதிரே இருந்த பையன் காதிலிருந்து இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றினான்.

தேக்காவில் ஆட்டுக்கறி வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போது அடுத்த படம் வந்தது. தெருவோரக் காபிக் கடை, ஒரு காலி மேசை. "இடம் பிடிச்சாச்சு. காபி குடிச்சிட்டு கோவில். அஞ்சு நிமிஷ நடைதான்." எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் அவர் முன்னால் நிற்பாள். அந்தப் படம் வந்ததும் நேரே கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, கறிப்பையோடு மேசை ஒன்றில் உட்கார்ந்து, நஃபீசாவிடம் தே, எங்கள் ஊர் டீ, சொன்னேன். நஃபீசா அங்கே தேக்கடை வைத்திருப்பவள். என் வகுப்புக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள்.

ஐந்து இருபதுக்குப் போன் அடித்தது. வெளிநாட்டு எண். விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. பாடம் நடத்துகிறவளுக்கு ஒரு திமிர் இருக்கும் அல்லவா? இவன் என்னதான் சொல்கிறான் பார்ப்போம் என்று எடுத்தேன்.

"மம்மி! நான்தான் மம்மி, ஷார்லீன்."

குரல் அவளுடையதேதான். அழுகையும் அவளுடையது. மூக்கு அடைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. என்ன ஆச்சு என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் வரைபடம் திறந்துதான் இருந்தது. அவளுடைய வட்டம் அந்தக் காபிக் கடையை விட்டுப் பாலத்தின் மேல் ஜாலியாக நகர்ந்துகொண்டிருந்தது.

"போன் போச்சு மம்மி... டிஷ்யூ காத்துல பறக்குதுன்னு போனை மேல வச்சேன்... ரெண்டே நிமிஷம்..."

போன் போச்சாம். போன் பாலத்தின் மேல் நடந்துபோகிறது, என் கண்ணுக்கு முன்னால். அவள் மேலும் என்னமோ சொன்னாள், நான் கேட்கவில்லை. குரலை எவ்வளவு அச்சாகச் செய்திருக்கிறான் படுபாவி என்று வியந்துகொண்டிருந்தேன். மனசு இளகினால் முடிந்தது.

"இந்த வேலையெல்லாம் என்கிட்ட நடக்காது" என்று சொல்லி வெட்டினேன்.

உடனே இன்னொரு முறை அடித்தது. அதையும் வெட்டி, எண்ணைத் தடுத்தேன். பிறகு எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை அப்படியே எழுதிப் போட்டேன். "என் மகளின் குரலிலேயே அழுதார்கள். நான் ஏமாறவில்லை. வெட்டு, தடு, சொல்லு." ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். நஃபீசாவிடமும் சொன்னேன்.

"டீச்சர்கிட்டயேவா? ஆள் தெரியாம கை வச்சிட்டான்" என்று சிரித்தாள்.

நடந்ததை ஷார்லீனுக்கும் எழுதினேன். இரண்டு சாம்பல் நிற டிக். நீலமாகவில்லை. சரி, நடந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் எங்கே நடக்கிறாள்? கோவில் ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தக் காபிக் கடைக்குப் பக்கத்தில். இவள் வந்த பக்கமே திரும்பிப் போகிறாள். பாலம் தாண்டிற்று, சதுக்கம் தாண்டிற்று. பிறகு வட்டம் நடக்கவில்லை, ஓடியது. மனிதக் கால் அந்த வேகத்தில் போகாது. ஏதோ வண்டிக்குள் இருந்தது. ஊருக்கு வெளியே, பேரே வாயில் நுழையாத இடங்களை நோக்கிப் போனது.

கூப்பிட்டேன். மணி அடித்தது. யாரோ வெட்டினார்கள். ஷார்லீன் என் அழைப்பை வெட்டுகிறவள் இல்லை; கூட்டத்தில் இருந்தால்கூட "பிறகு" என்று ஒரு சொல் அனுப்புவாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வெட்டினார்கள். மூன்றாவது முறை அணைத்து வைத்திருப்பதாகப் பதில் வந்தது. வரைபடத்தில் அவள் முகம் ஒரு நெடுஞ்சாலையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

எனக்குப் பயம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதலில் உள்ளங்கால் குளிர்ந்தது. பிறகு சுற்றியிருந்த சத்தமெல்லாம் தள்ளிப்போனது. தட்டுகள், மின்விசிறி, பக்கத்து மேசையில் பிரியாணி சாப்பிடுகிறவர்களின் பேச்சு எல்லாம் ஏதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது. யாரோ அவளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அவளுடைய வாயைப் பொத்தியிருக்கிறார்கள். அவள் மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தாள், காலைப் படத்தில். அந்த ஜாக்கெட் கிழிந்து எங்கேயோ கிடப்பதை நான் பார்த்தேன். கடவுளே, அந்தப் படம் என் மனதில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் விட்டுப் போகவே இல்லை. அந்தோனிக்கு அடித்தேன். லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

"டீச்சர், முகம் என்ன இப்படி வெளுத்துக் கிடக்கு?" நஃபீசா கல்லாவை விட்டு வந்தாள்.

"ஷார்லீனை யாரோ கொண்டுபோறாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"போலீசுக்குச் சொல்லுவோம். எந்திரிங்க."

எழுந்தேன். எந்த ஊர் போலீசுக்கு? அதே இடத்தில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து, அலுவலக அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு சீனப் பெண் வந்தாள். என் மேசையின் எதிர்ப்பக்கத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தாள், என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், சாப்பாடு வாங்கப் போய்விட்டாள்.

எங்கள் ஊரில் அது சட்டம் மாதிரி. உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு. அதற்குச் 'சோப்' பண்ணுவது என்று பேர். குளிக்கிற சோப்பு இல்லை. குடையை வைப்பார்கள், அலுவலக அட்டையை வைப்பார்கள், பெரிய போனைக்கூட வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்பார்கள். யாரும் தொடமாட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளைக்குக் கை தானாக அதைச் செய்யும்.

மேலே மின்விசிறி சுழன்றது. அந்த டிஷ்யூ பாக்கெட்டின் வாய் லேசாகப் படபடத்தது.

டிஷ்யூ காத்துல பறக்குதுன்னு போனை மேல வச்சேன்.

அவள் கடைசியாக அனுப்பிய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். தெருவோரக் காலி மேசை. இடம் பிடிச்சாச்சு. மேசையின் நடுவில், சின்னதாக, தெம்பனிஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே வாங்கிய டிஷ்யூ பாக்கெட்.

உலகத்தில் எந்த மோசடிக்காரன் இதை யோசிப்பான்? விபத்து என்பான், போலீஸ் பிடித்தது என்பான், ஆஸ்பத்திரி என்பான். தெருவோரத்தில் டிஷ்யூ வைத்து இடம் பிடித்தேன், காற்றில் பறக்காமல் இருக்கப் போனை அதன்மேல் பாரமாக வைத்தேன் என்று அழுவதற்கு ஒரு சிங்கப்பூர்ப் பிள்ளையால்தான் முடியும். வண்டியில் போனது அவள் இல்லை, போன். அழுதது அவள். நான் வெட்டியது அவளை.

"நஃபீசா, அது அவதான்" என்றேன். "என் பிள்ளைதான். நான் வெட்டிட்டேன்."

நஃபீசாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

தடுத்த எண்ணைத் திறப்பதற்கு எத்தனை தட்டுத் தட்டவேண்டும் தெரியுமா? வகுப்பில் தடுப்பதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். திறப்பதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததே இல்லை, எனக்கே தெரியாது. நஃபீசாதான் போனைப் பிடுங்கித் திறந்துகொடுத்தாள். அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் கோப்பைச் சத்தம். காபிக் கடைப் பணிப்பெண். அரைகுறை ஆங்கிலத்தில் பேசினாள்.

"ஆமாம், ஒரு பெண் என் போனில் பேசினாள். மூன்று முறை. அம்மா பேசவில்லை."

"நான்தான் அந்த அம்மா. அவள் எங்கே?"

"போய்விட்டாள்" என்றாள் அந்தப் பெண். "நான் போலீஸ் கூப்பிடவா என்றேன். வேண்டாம் என்று அழுதாள். அம்மா இந்த நம்பரைத் தடுத்துவிட்டாள், அம்மா இனி எடுக்கமாட்டாள், எனக்கு அம்மாவைத் தெரியும் என்றாள். போய்விட்டாள்."

எனக்கு அம்மாவைத் தெரியும்.

போன் உறைக்குள்தான் அவளுடைய வங்கி அட்டைகள். தங்கியிருந்த விடுதியின் பேரும் முகவரியும் போனுக்குள்தான். கையில் காபிக்கு எடுத்த சில்லறை இருந்திருக்கும். அந்த ஊரில் ஒரு ஆளையும் தெரியாது. ஒரே ஓர் எண் தெரியும், அந்த எண்ணும் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவள் எந்தத் தெருவில் நிற்கிறாளோ, யார் அவளிடம் பரிவாகப் பேச்சுக் கொடுக்கிறானோ. இப்போது பயத்துக்கு முகம் இருந்தது, அது என் முகமாக இருந்தது.

"எங்க போயிருப்பா? யோசிங்க டீச்சர்" என்று நஃபீசா என் தோளை உலுக்கினாள். "உங்களுக்குத்தான தெரியும் உங்க புள்ளைய."

வழி தப்பிப் போச்சுன்னா கோவில்ல போய் உட்காரு.

ஏழு வயதில் தானாகவே போய் உட்கார்ந்தாள். இருபத்தாறு வயதில், அம்மாவே கைவிட்ட பிறகு, போவாளா? வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கோவிலின் இணையப்பக்கத்தைத் தேடி, எண்ணைக் கண்டுபிடித்து அடித்தேன். நீண்ட நேரம் அடித்தது. 'யேசுவே எடுக்கச் சொல்லும், யேசுவே எடுக்கச் சொல்லும்' என்று வாய்விட்டே சொன்னேன். எதிரே அந்தச் சீனப் பெண் தட்டோடு வந்து, என்னைப் பார்த்து, உட்காராமல் நின்றாள்.

ஒரு வயதான பெண்மணி எடுத்தார். படங்களும் ஜெபமாலைகளும் விற்கும் மேசையில் இருப்பவராம். நிதானமான ஆங்கிலம்.

"என் மகள் அங்கே இருக்கிறாளா என்று பாருங்கள். இந்தியப் பெண், மஞ்சள் ஜாக்கெட். அழுதுகொண்டிருப்பாள்."

"இங்கே நிறையப் பேர் அழுவார்கள், அம்மா" என்றார் அவர்.

"முன்பெஞ்சில் பாருங்கள்" என்றேன். "தயவுசெய்து. முன்பெஞ்சில்."

போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் ஆர்கன் மாதிரி ஏதோ, சுற்றுலாக்காரர்களின் காலடி, ஒரு குழந்தையின் இருமல். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். திரையில் வினாடிகள் ஓடின. எடுத்துப் பார்க்கவும் பயம், எங்கேயாவது விரல் பட்டு வெட்டிவிடுமோ என்று. நஃபீசா என் இன்னொரு கையைப் பிடித்திருந்தாள். அவள் கையும் வியர்த்திருந்தது. இல்லை என்று சொல்ல அந்தப் பெண்மணி திரும்பி வந்துகொண்டிருக்கிறார், இதோ எடுக்கப்போகிறார், இல்லை அம்மா என்பார். நான் அதைக் கேட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

போனை யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மூக்கு அடைத்த மூச்சு.

"ஷார்லீன்" என்றேன். "மம்மி பேசறேன்."

பதில் இல்லை. நான் நம்பாதது போலவே அவளும் நம்பவில்லையோ? இது அம்மாவின் குரல்தானா என்று யோசிக்கிறாளோ? எனக்கு அது நியாயம்தான் என்று தோன்றியது.

"டிஷ்யூ பறந்துபோச்சாடா கண்ணு?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு விம்மல் உடைந்தது. பிறகு, ஏழு வயதுக் குரலில், அவசர அவசரமாக:

"வெட்டிடாதீங்க மம்மி. வெட்டிடாதீங்க."

முப்பத்தோரு வருஷம் பேசிப் பிழைத்தவள் நான். அப்போது என்னிடம் இருந்தது ஒரே சொல்தான். "மாட்டேன்" என்றேன், எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. அந்தச் சீனப் பெண் தன் டிஷ்யூ பாக்கெட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

பிறகு காரியங்கள் நடந்தன. அந்தப் பெண்மணியே ஷார்லீன் சொன்ன அடையாளங்களை வைத்துத் தன் போனில் தேடி விடுதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். விற்பனை மேசையை மூடியதும் தானே கூட்டிக்கொண்டு போய் விடுவதாகச் சொன்னார். நான் எழுதிவைக்கச் சொன்ன வங்கி எண், அப்பா எண் எல்லாவற்றையும் ஷார்லீன் எழுதிக்கொண்டாள். சொல்லவேண்டியது எல்லாம் முடிந்தும் நான் போனை வைக்கவில்லை. கறிப்பையிலிருந்து தண்ணீர் சொட்டி என் காலடியில் தேங்கியிருந்தது.

"மம்மி, அவங்க போன் வேணுமாம்" என்றாள் ஷார்லீன். "நீங்க வையுங்க."

"நீ வை" என்றேன். கடைசியில் அவள்தான் வைத்தாள்.